அழுக்குக்கு மூன்று கூலி

முதல் மண்ணாங்கட்டி குறி தவறாமல் மரியதாஸின் சட்டைப் பையில் வந்து விழுந்தது.

எறிந்தது யார் என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். உப்பளத்து வரப்பில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் நின்றது. எல்லோர் முகத்திலும் எறிந்தவருக்கான லட்சணம் இருந்தது.

“மேடம், வரவேற்பு பலமா இருக்குது. மாலைக்குப் பதிலா மண்ணு.”

பூவிழி பாத்தியின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் துப்பறியும் அலுவலகம் வைப்பதற்கு முன் அவள் வணிகவரித் துறையின் பறக்கும் படையில் இருந்தவள். பாண்டிச்சேரி எல்லையில் லாரிகளை மடக்கிச் சோதனை போட்ட காலத்தில் அவள் கண்ணில் அதிகம் மண்ணைத் தூவிய டிரைவர் மரியதாஸ்தான். வேலையை விட்டதும் அவனைத் தேடிப் பிடித்து உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள். தில்லுமுல்லு தெரிந்தவனைத் துரத்துவதைவிடச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது செலவு குறைவு என்பது அவள் கட்சி.

“டேய், செருப்பக் கழட்டுடா.”

இரண்டாவது கட்டி முதுகில் விழுந்தது. அப்போதுதான் மரியதாஸ் தன் காலைப் பார்த்தான். பூவிழி உட்பட பாத்திக்குள் நின்ற எல்லோரும் வெறுங்காலுடன் இருந்தார்கள். கல்யாண மண்டபத்து வாசல் போல வரப்போரம் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மரக்காணத்தில் உப்புப் பாத்திக்குள் செருப்போடு இறங்குவது அடுத்தவர் அடுப்படியில் எச்சில் துப்புவதற்குச் சமம். பாத்தி விளைந்திருந்தாலும் சரி, வீணாகிக் கிடந்தாலும் சரி, செருப்பு வெளியேதான்.

நாறிப்போன பாத்திக்கு இவ்வளவு மரியாதையா என்று முனகிக்கொண்டே அவன் ஷூவைக் கழற்றினான்.

பாத்தி நாறித்தான் போயிருந்தது. லாரித் தடத்தை ஒட்டிய அதன் வடக்கு மூலையில் ஒரு பெரிய பாய் விரித்த அளவுக்குக் கறுப்பு. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருக்க, அந்த மூலையில் மட்டும் உப்பு தார் பூசியது போலக் கறுத்து, ஓரங்களில் ஊதாவாக மினுங்கியது. கிட்டப் போனால் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

பாத்தியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவள் ஞானாம்பாள். ஐம்பது வயது, வெயிலில் காய்ந்து முறுக்கேறிய உடம்பு. காசு வாங்கிக்கொண்டு செப்டிக் டேங்க் லாரிக்கு இடம் கொடுத்துவிட்டாள் என்று அவள் மேல் புகார். பகல் பன்னிரண்டு மணிக்கு உப்புத் துறை அதிகாரி வந்து குத்தகையை ரத்து செய்யப் போகிறார். கறுப்பு தெரிந்த அன்றே வியாபாரிகள் அந்த வரிசை உப்பு முழுவதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பக்கத்துப் பாத்திக்காரர்கள் அவளை வெட்டிப் போடும் ஆத்திரத்தில் இருந்தார்கள். அவளுக்காக வந்தவர்களுக்கு மண்ணாங்கட்டி விழுவதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், அவளும் சேர்ந்து முறைத்ததுதான்.

“எம் பொண்ணு ஆரோவில்ல வேலைக்குப் போய் ரொம்ப வெவரமாயிடுச்சி. துப்பறியற ஆளுங்கள அனுப்பி வெச்சிருக்குது,” என்றாள் ஞானாம்பாள். “இங்க இன்னா கொலையா விழுந்துச்சி? எம் மானம் போறத வேடிக்க பாக்கறதுக்கு அதுகிட்ட எவ்ளோ வாங்கினே?”

“வேலை முடிஞ்சப்புறம் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டேன்,” என்றாள் பூவிழி.

பிறகு யாரும் எதிர்பாராமல் கறுப்பு மூலைக்குப் போய், வலது காலை அதில் பதித்து, குனிந்து ஒரு கல் உப்பை எடுத்தாள். வெயிலில் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். வெளியே வந்தவள் மரியதாஸிடமிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி முழுவதையும் காலில் ஊற்றிக்கொண்டாள்.

“மேடம், அது குடிக்கிற தண்ணி. இந்த வெயில்ல காலுக்கா தாகம் எடுக்குது?”

“இன்னொரு பாட்டில் ஜீப்ல இருக்குதா?”

அதையும் ஊற்றினாள். செருப்பை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டாள். “தாஸ், அந்த மூலைல ஒரு தப்பு இருக்குது. என்னன்னு சொல்லு.”

“நாத்தம்.”

“நாத்தம் சரியாத்தான் இருக்குது. உப்பு விளைஞ்சிருக்குது பாரு. அதான் தப்பு.”

கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடைக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் இவர்களிடம் சொல்லிக்கொண்டே பக்கத்து ஆளின் டீயில் இரண்டு கரண்டி போட்டார். பேப்பர் கப்பில் வந்த கசப்பு டீயை வைத்துக்கொண்டு பூவிழி உற்சாகமாகிவிட்டாள். ஒரு விஷயம் எப்படி இயங்குகிறது என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவளுக்குச் சர்க்கரை தேவையில்லை.

மரியதாஸின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி டீயில் முக்கினாள். பிஸ்கட் டீயைக் குடித்து ஊறி உடைந்து விழுந்தது. தோண்டி மூடிய மண்ணும் இப்படித்தான் என்றாள். உப்புத் தண்ணீரை அதன் மேல் விட்டால் ஒரே நாளில் குடித்துவிடும், நிற்காது. நிற்காத தண்ணீரில் உப்பு எங்கிருந்து விளையும்? அதனால்தான் உப்பளக்காரர்கள் பொங்கல் முடிந்ததும் பாத்தியை வடித்துக் காயப்போட்டு, தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, குதிகாலால் மிதிமிதியென்று மிதிக்கிறார்கள். களிமண் இறுகி சிமெண்டு போல ஆகும்வரை மிதிப்பார்கள். அதன் பிறகுதான் தண்ணீர் விடுவது.

“மேலாக் கொட்டியிருந்தா பாத்தி முழுக்கப் பரவியிருக்கும். ஒரே மூலைல நிக்குதுன்னா தோண்டிப் புதைச்சிருக்காங்க. ஆனா மேல உப்பு விளைஞ்சிருக்குது. அப்போ?”

“புதைச்சிட்டு மிதிச்சிருக்காங்க,” என்றான் மரியதாஸ். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. “வெளியூர்க்காரனா இருந்தா ஜேசிபியால மூடிட்டு ஓடியிருப்பான். மிதிச்சது உப்பளத்து ஆளுங்க. மேடம், நம்ம கட்சிக்காரங்களுக்கு நாமளே கயிறு திரிக்கிறோமே.”

“திரிப்போம். கழுத்து யாரோடதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

அவன் கப்பைக் காலி செய்து கடைக்காரரின் குப்பைத் தொட்டியில் போடப்போனான். அவள் தடுத்தாள். அதில் போட அஞ்சு ரூபாய் என்று கடைக்காரர் கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

“ரோட்ல வீசுவேன்.”

“ரோட்ல வீசினா போலீஸ் புடிக்கும்னா?”

“அடுத்த கடைக்காரன் அசந்த நேரமாப் பாத்து அவன் தொட்டியில போடுவேன்.”

“அந்த அடுத்த கடைதான் ஞானாம்பா பாத்தி,” என்றாள் பூவிழி. “ரெண்டு ரூபா குடுங்க, நானே கொண்டு போய் முறையாப் போட்டுடறேன்னு ஒருத்தன் வந்து நின்னா?”

“அவனுக்குச் சிலை வெப்பேன்.”

அவள் சொன்னதை மரியதாஸ் கப்பைக் கையில் வைத்தபடியே கேட்டான். பெரிய கம்பெனியின் அழுக்கும் இந்தக் கப்பும் ஒன்றுதான். ரசாயனக் கசடை முறைப்படி தொலைக்க வேண்டுமென்றால் அரசு அனுமதித்த கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கிடங்குக்குக் கட்டணம், தூரத்துக்கு லாரி வாடகை, எல்லாவற்றின் மேலும் வரி. ஒரு லாரி உப்பை விற்றால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு கொடுத்தால்தான் ஒரு லாரி கசடு போய்ச் சேரும். இந்தக் கரையில் உப்பைவிட அழுக்குக்குத்தான் விலை அதிகம். கட்டணமும் வரியும் ஏற ஏற, வழியிலேயே எங்காவது கொட்டுகிறவனுக்கு மிச்சமும் ஏறுகிறது.

“அப்போ வரிய எடுத்துட்டா சரியாயிடுமா மேடம்?”

“வரி மேல தப்பு இல்ல. வாங்கற இடத்துலதான் தப்பு. ஒழுங்காக் கொண்டு போய்ப் போடறவன்கிட்ட வாசல்ல நின்னு காசு கேக்கறோம். வழியில கொட்டறவனுக்கு இலவசம். டீ குடுக்கும்போதே அஞ்சு ரூபாயச் சேத்து வாங்கிட்டு, கப்பு தொட்டியில விழுந்ததும் திருப்பிக் குடுத்தா நீ என்ன பண்ணுவ?”

“ரோட்ல கெடக்கிற கப்பையெல்லாம் பொறுக்கிட்டு வருவேன். ஊட்டியில காலி பாட்டிலுக்குப் பத்து ரூபா குடுத்தப்போ நான் குடிச்சதவிடப் பொறுக்கினது ஜாஸ்தி.”

பூவிழி சிரித்துவிட்டு போனை எடுத்தாள். பாண்டிச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெயின்ட் கம்பெனிகளை ஒவ்வொன்றாக அழைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து புதிதாகத் தொழில் தொடங்க வந்திருப்பதாகவும், கசடு எடுத்துப்போக நல்ல ஆள் தேவை என்றும் பொய் சொன்னாள். ஊதா மினுக்கம், பெயின்ட் கலக்கும் தின்னரின் வாடை. அது செப்டிக் டேங்க் இல்லை என்பது வரை மரியதாஸுக்கும் புரிந்தது. மூன்றாவது கம்பெனியின் கணக்காளர் நிறையப் பேசினார். பூவிழி நிறைய உம் கொட்டினாள். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, ஜீப்பை எடு என்றாள்.

அதிகாரி அசோகன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் கீழே இறங்கி வந்து சாட்சியாக நிற்க வேண்டும் என்றார். கூட்டம் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கியது. இரண்டு பேர் இறங்கவில்லை.

ஒருவர் பிரபாகரன். குத்தகைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். புகார் கொடுத்தவரும் அவர்தான். அடுத்த வரிசையில் நிறையப் பாத்திகளும் நாலைந்து டிப்பர் லாரிகளும் வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பளபளக்கும் தோல் செருப்பு. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். இன்னொருத்தி அவருக்குச் சற்றுப் பின்னால் நின்ற செந்தமிழ் என்ற பெண். அவருடைய பாத்திகளில் கூலிக்குப் போகிறவள், முப்பது வயது இருக்கும். ஆம்பிளை ரப்பர் செருப்பு ஒன்றை மாட்டியிருந்தாள். செருப்புக்குள் கால் தெரியவில்லை, துணி சுற்றிய பொட்டலம்தான் தெரிந்தது.

மரியதாஸ் அதைப் பார்த்தான். பூவிழியைப் பார்த்தான். அவள் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டாள் என்பது அவள் அந்தப் பக்கம் பார்க்காததிலேயே தெரிந்தது.

அசோகன் நோட்டீஸைப் படித்தார். பாத்தியை அசுத்தப்படுத்தியதற்காகக் குத்தகை ரத்தாகிறது. கழிவை அள்ளிச் சுத்தம் செய்யும் செலவு குத்தகைக்காரர் தலையில். கட்டாவிட்டால் அரசே ஆள் வைத்து அள்ளி, செலவை அவர் சொத்திலிருந்து வசூல் செய்யும். கொட்டியவன் யாரென்று தெரியாதபோது சட்டத்தின் கைக்கு எட்டுவது நிலத்தை வைத்திருப்பவர் மட்டும்தான்.

ஞானாம்பாளின் சொத்து கிளியனூரில் ஓர் ஓட்டு வீடு. அது போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது. அழவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிரபாகரன் வரப்பிலிருந்து பெருந்தன்மையாகப் பேசினார். கழிவு ஏற்ற அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. லாரியும் இருக்கிறது. ஞானாம்பா அக்கா அந்நியமா என்ன, ரேட்டைக் குறைத்துக்கொள்வார். வேறு ஆள் வரும்வரை பாத்தியையும் பார்த்துக்கொள்வார். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள்.

பூவிழி முன்னால் வந்தாள். டீக்கடையில் சொன்ன பிஸ்கட் கதையை ஊருக்குப் புரியும்படி சுருக்கமாகச் சொன்னாள். புதைத்த இடத்தில் உப்பு விளைந்திருக்கிறது. ஆகவே மிதித்திருக்கிறார்கள். ஆகவே இது உப்பளத்து ஆட்களின் வேலை. அதற்குத் தோதான நாள் மாசி மகம்; அன்று சாமி கடலுக்குப் போகும், ஊரே கூடப் போகும். அன்று பட்டப்பகலில் ஜேசிபி ஓட்டினாலும் கேட்க ஆள் இல்லை.

பிரபாகரனின் முகம் மலர்ந்தது. “நீங்களே சொல்லிட்டீங்களே மேடம். நான் சொன்னா பொறாமைன்னுவாங்க.”

கூட்டம் சீறியது. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்டாள் என்று ஒருவர் ஞானாம்பாளைப் பார்த்துச் சிரித்தார். பூவிழி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூலையைக் கைகாட்டி, நல்ல கெட்டியான மிதி, இந்தம்மா ஆட்களின் மிதி மாதிரியேதான் இருக்கிறது என்றாள்.

மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

“எம் மிதி எப்டி இருக்கும்னு உனுக்கு இன்னாடி தெரியும்?” ஞானாம்பாள் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகினாள். “பத்து வயசுல இருந்து மிதிக்கிறேன். இப்ப மிதிச்சிக் காட்டறேன். என்து எது, எவனோ நாய் மிதிச்சது எதுன்னு எல்லாரும் பாருங்க.”

விறுவிறுவென்று கறுப்பு மூலையை நோக்கி நடந்தாள். பூவிழியும் கூடவே நடந்தாள், ஒரு கை தூரத்தில். தடுக்கவில்லை. மரியதாஸ் கண்ணைத் திறந்தபோது ஒன்றைக் கவனித்தான். ஊரே ஞானாம்பாளின் காலைப் பார்த்தது. பூவிழி மட்டும் வரப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஞானாம்பாள் விளிம்புக்கு வந்தாள். வலது காலைத் தூக்கினாள்.

“அக்கா, கால வெக்காத. வெந்துடும்.”

குரல் வரப்பிலிருந்து வந்தது. செந்தமிழ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதற்குள் பூவிழி ஞானாம்பாளின் முழங்கையை இரும்புப் பிடியாகப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தாள்.

பாத்தியில் நின்ற எல்லாத் தலைகளும் வரப்புப் பக்கம் திரும்பின.

“செப்டிக் டேங்க் தண்ணில கால வெச்சா நாறும்,” என்றாள் பூவிழி. “வேகாது. வேகும்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

செந்தமிழ் வரப்பிலேயே உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பாதம் வெள்ளையாகத் தடித்து வெடித்திருக்கும். இந்தப் பாதங்களில் அந்தத் தோலே இல்லை. உரித்த வெங்காயம் போலச் சிவந்து ஈரமாக இருந்தன. முன்வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அழுகைக்கு நடுவே அவள் சொன்னது இவ்வளவுதான். மாசி மகத்தன்று கடலுக்குப் போகவிடாமல் அவளையும் இன்னும் நாலு பேரையும் பிரபாகரன் நிறுத்திவைத்தார். ஒரு பாத்தியில் தரை உள்வாங்கிவிட்டது, ஜேசிபி மூடும், மேலே மிதித்துக் கொடுங்கள், இரட்டைக் கூலி என்றார். யார் பாத்தி என்று கேட்டதற்கு, கூலிக்கு வந்தவளுக்கு எதற்கு என்றார். சாயங்காலமே கால் எரிந்தது. வெறும் உப்புப் புண் என்று களிம்பு வாங்கிக் கொடுத்தார். மற்ற நாலு பேரும் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார்கள்.

“பொய்,” என்றார் பிரபாகரன். “இந்தம்மா காசு குடுத்துப் பேச வெக்குது. அது செப்டிக் டேங்க் தண்ணிதான்.”

“சரிங்க சார். செப்டிக் தண்ணிதானே,” என்றாள் பூவிழி. “செருப்பக் கழட்டிட்டு இறங்கி வாங்க. வந்து அந்த மூலைல ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தப் பொண்ணு சொன்னது பொய்னு நானே ஒத்துக்கறேன்.”

அவர் அசையவில்லை. பரம்பரை உப்பளக்காரர், பாத்திக்குள் வெறுங்காலோடு வளர்ந்தவர். ஊரே பாத்திக்குள் நிற்க, அவர் மட்டும் ஏன் இறங்கவில்லை என்று இப்போது ஊர் யோசித்தது. ஒவ்வொரு பார்வையாக அவர் முகத்திலிருந்து வேட்டிக்கு, வேட்டியிலிருந்து அந்தப் பளபளக்கும் செருப்புக்கு இறங்கியது.

பூவிழி அசோகனிடம் திரும்பினாள். சொல்லும்போது டீக்கடையில் வந்த அதே உற்சாகம் குரலில் வந்துவிட்டது. பெயின்ட் கம்பெனி கசடைக் கிடங்குக்குக் கொண்டுபோக இவருக்கு முழுக் கட்டணமும் கொடுத்திருக்கிறது, வரியையும் சேர்த்து. கணக்காளரே பெருமையாகச் சொன்னார், எங்கள் ஆள் மரக்காணத்துக்காரர், ரொம்ப நாணயமானவர் என்று. அந்த நாணயமானவர் கிடங்கு வரை போகவே இல்லை. கிடங்குக் கட்டணம் மிச்சம், டீசல் மிச்சம், வாங்கிய வரியும் சர்க்காருக்குப் போகவில்லை.

“வரியையும் சேத்துப் புதைச்சிட்டாரு,” என்றான் மரியதாஸ்.

“அது முதல் கூலி. புகார் குடுத்து, கண்டுபிடிக்க வெச்சு, அதே அழுக்க அதே லாரியில அள்ளறதுக்கு ஞானாம்பா தலையில ரெண்டாவது கூலி. அள்ளினதும் எங்கயாவது இன்னொரு பாத்தி. மூணாவது கூலி, இந்தப் பாத்தியோட குத்தகை.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “ஜேசிபியோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பாரு சார். ஜேசிபி டிரைவருக்கு ஷூ இருக்குது. ஆனா இவரு உப்பளத்துக்காரரு. மூடின மண்ண மிதிக்காம விட மனசு வரல. மிதிக்கிறதுக்குக் கால் வேணும். காலுக்கு வாய் இருக்குது.”

அசோகன் நோட்டீஸை மடித்துப் பைலுக்குள் வைத்தார். குத்தகை ரத்து இன்று இல்லை என்றார். போலீஸுக்குப் போன் செய்ய நகர்ந்தார். பிரபாகரன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். ஓடுவது போல் தெரியக்கூடாது என்பதற்காக மெதுவாக நடந்தார். அந்த மெதுவான நடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்; அப்போது ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து, குறி தவறாமல் அவருடைய சட்டைப் பையில் விழுந்து உடைந்தது.

மரியதாஸ் சட்டென்று திரும்பினான். ஞானாம்பாள் கையைத் தட்டி மண்ணை உதறிக்கொண்டிருந்தாள்.

“அப்போ காலைல என் பாக்கெட்ல போட்டது நம்ம கட்சிக்காரங்களேவா,” என்றான். கூட்டம் மோட்டார் சைக்கிளைச் சுற்றி வளைக்கப் போயிருந்தது.

ஞானாம்பாள் பூவிழியின் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்த மரியதாஸ் சற்று விலகி இடம் விட்டான்.

“அவ கத்தலன்னா?” என்றாள் ஞானாம்பாள்.

“கத்துவான்னு தெரியும். வெந்த கால் இன்னொரு கால் வேகறதப் பாத்துக்கிட்டு நிக்காது.”

“கத்தலன்னா?”

“புடிச்சிருப்பேன்.”

“அஞ்சி நிமிஷம் என்னை அம்மணமா ஊர் முன்னாடி நிறுத்திட்ட. எம் மிதின்னு சொன்ன. அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்.” அவள் திரும்பி வரப்பேறினாள். செந்தமிழை ஒரு கையால் அப்படியே தூக்கி இடுப்பில் சாய்த்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தாள். பின் சீட்டில் அவளை உட்காரவைத்துவிட்டு மரியதாஸைப் பார்த்து அதட்டினாள். “இன்னா நிக்கற? ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடு. அப்டியே அந்த நாலு பேரையும் ஏத்திக்கணும்.”

பூவிழி இன்னும் பாத்திக்குள்தான் நின்றிருந்தாள். செருப்பு கையில். வலது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல், கொக்கு போல விரல் நுனியில் வைத்திருந்தாள். ஞானாம்பாள் அதைப் பார்த்தாள். காலையில் எல்லோர் கண்ணெதிரிலும் அந்தக் கால் கறுப்பில் இறங்கியது அவளுக்கு இப்போது நினைவு வந்திருக்க வேண்டும். மரியதாஸுக்கும் வந்தது. இரண்டு பாட்டில் தண்ணீரும், தான் சொன்ன ஜோக்கும் சேர்ந்து வந்தன. அவன் அந்த ஜோக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்தான்.

ஞானாம்பாளின் முகம் இளகவில்லை. குரலும் இளகவில்லை.

“நீயும் ஏறு,” என்றாள். “கால் வெந்தவ எல்லாம் ஏறு.”

ஜீப் லாரித் தடத்தில் குலுங்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு பக்கமும் பாத்திகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. வரப்போரம் ஓலை மூடிய உப்புக் குவியல்கள் லாரிக்குக் காத்திருந்தன. வியாபாரிகள் ஒதுக்கிய வரிசை முடிந்து, அடுத்த வரிசை தொடங்கிய இடத்தில், இரண்டு டெம்போக்களில் ஆட்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இது நல்ல உப்பு. இன்று ராத்திரி எத்தனையோ ஊர்க் கடைகளுக்குப் போய்விடும்.

செந்தமிழ் அந்த மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்திருந்த துணிச் சுருளைப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “அன்னிக்கி நாங்க மிதிச்சது உன் பாத்தி ஒண்ணு மட்டும் இல்ல.”

மரியதாஸின் கால் தானாகவே பிரேக்கில் இறங்கியது. டெம்போவில் கடைசி மூட்டை ஏறிவிட்டது. டிரைவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.